ஸ்பீடு போஸ்ட் ‘டெலிவர்டு’... ஆனா, அவர் கைக்குப் போச்சா? பள்ளிக்கரணை டு புழல், ஒரு கடிதத்தின் பயணம்!

உங்களோடு வாட்ஸ்அப்பில் தினமும் பேசும் ஒருவர். ஸ்கூல் ஃப்ரெண்டாக இருக்கலாம், சித்தப்பா பையனாக இருக்கலாம், கூடவே டெலிவரி வேலை பார்க்கும் ரூம்மேட்டாக இருக்கலாம். ஒருநாள் ராத்திரி அவருக்கு அனுப்பிய மெசேஜ் ஒற்றை டிக்கோடு நின்றுவிடுகிறது. மறுநாள் காலையில் தகவல் வருகிறது. ``அவனைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்களாம். ரிமாண்டாம். புழலாம்.”

அடுத்து என்ன செய்வீர்கள்? போன் பண்ண முடியாது. மெசேஜ் போகாது. நேரில் போனால் பார்க்க விடுவார்களா என்று தெரியாது. ‘கேஸ்ல நம்ம பேரும் வந்துடுமோ’ என்று உள்ளுக்குள் ஒரு பயம் வேறு. நிறைய பேர் இந்த இடத்தில் அமைதியாகிவிடுவார்கள். கோபத்தால் அல்ல, வழி தெரியாததால்.

வழி இருக்கிறது. அது ரொம்பப் பழைய வழி. ஒரு கடிதம்.

‘கடிதமா? 2023-லேயே ஜெயிலுக்கு வீடியோ கால் வந்திடுச்சே பாஸ்’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலைத் தேடினால், நம் சிறைகள் இன்று எப்படி இயங்குகின்றன என்பதும் சேர்த்தே புரியும்.

முதலில் ஒரு கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டு சிறைப் புள்ளிவிவரப்படி, அந்த வருடக் கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது 75.8 சதவிகிதம். நாலு பேரில் மூணு பேர் மீது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ‘ஜெயில்ல இருக்கான்’ என்றால் ‘தப்பு பண்ணிட்டான்’ என்று நாம் படித்துக்கொள்கிறோம். சட்டம் அப்படிப் படிப்பதில்லை.

அட்ரஸே முதல் சிக்கல்!

பள்ளிக்கரணைக்கு ஒரு விசித்திரம் உண்டு. குப்பை வண்டி வரவில்லை என்றால் சென்னை மாநகராட்சியில், பெருங்குடி மண்டலத்தில் புகார் செய்ய வேண்டும். செயின் பறிப்பு என்றால் தாம்பரம் மாநகர போலீஸ். 2011-ல் மாநகராட்சியோடு இணைந்த ஊர், 2022-ல் தாம்பரம் காவல் ஆணையரகத்துக்குள் போனது. ஆக, இங்கே ஒருவர் கைதானால் எந்த ஸ்டேஷன், எந்த கோர்ட், எந்தச் சிறை என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தலை சுற்றும்.

புழல் என்று சொல்வதும் ஒரே சிறை அல்ல. பழைய சென்னை மத்திய சிறை சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்தது. 2006-ல் புழல் வளாகம் திறக்கப்பட்டதும் கைதிகள் அங்கே மாற்றப்பட்டார்கள், பழைய கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டது. இன்று புழல் வளாகத்தில் மத்திய சிறை-1 தண்டனை பெற்றவர்களுக்கு, மத்திய சிறை-2 விசாரணைக் கைதிகளுக்கு, இவை தவிர பெண்களுக்கான தனிச்சிறை. ‘புழல் ஜெயில், சென்னை’ என்று மட்டும் எழுதிப் போட்டால், ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கும் இடத்தில் ஒரு ‘கார்த்திக்’கையோ ஒரு ‘மணி’யையோ எப்படித் தேடுவார்கள்?

எனவே உறையின் மேல் இவ்வளவும் இருக்கட்டும்: முழுப்பெயர், அப்பா பெயர், சிறையில் கொடுத்த எண், எந்தச் சிறை, புழல், சென்னை - 600066. சிறை எண் தெரியவில்லையா? வழக்கறிஞரிடம் கேட்கலாம், நேரில் பார்த்துவிட்டு வந்த குடும்பத்தினரிடம் கேட்கலாம். பின்பக்கம் உங்கள் பெயர், முகவரி கட்டாயம். அனுப்பியது யார் என்று தெரியாத கடிதத்தை எந்தச் சிறை அதிகாரியும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

ஒரு விஷயம். கைதானவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் அவர் சிறையிலேயே இருக்கக் கூடாது. அவருக்கு இளைஞர் நீதிக் குழுமம், கூர்நோக்கு இல்லம் என்று தனி ஏற்பாடு. அங்கே நடைமுறை வேறு.

நேரில் போவதன் விலை

பள்ளிக்கரணை சென்னையின் தெற்கு ஓரம். புழல் வடக்கு ஓரம். நடுவில் பெருங்களத்தூரிலிருந்து புழல் வரை போகும் பைபாஸ் மட்டுமே 32 கிலோமீட்டர். பள்ளிக்கரணையிலிருந்து தாம்பரம் பக்கம் வந்து, பஸ் மாறி, காத்திருந்து, மனு கொடுத்து, சோதனை முடிந்து, சில நிமிடங்கள் பேசிவிட்டுத் திரும்பினால் ஒரு பகல் போய்விடும். வீட்டு வேலை பார்க்கும் அம்மாவுக்கு அது ஒருநாள் சம்பளம். ஐ.டி கம்பெனி கேன்டீனில் வேலை பார்க்கும் தம்பிக்கு அது ஒரு லீவு. அதுவும் ‘எதுக்கு லீவு?’ என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டிய லீவு.

போனாலும் தனியாக உட்கார்ந்து பேச முடியாது. நடுவில் தடுப்பு, கையில் இன்டர்காம் ரிசீவர், பக்கத்தில் இன்னும் பத்துக் குடும்பங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும்போது முக்கியமானதைச் சொல்லாமலேயே நேரம் முடிந்துவிடும். ``சாப்பிட்டியா?” ``சாப்பிட்டேன்மா.” அவ்வளவுதான்.

போன்? அதில் நல்ல முன்னேற்றம் வந்திருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் முன்பு ஒரு கைதிக்கு மாதம் 8 அழைப்பு, ஒவ்வொன்றும் 7 நிமிடம், மொத்தம் 56 நிமிடம். 2023-ல் இது மாதம் 10 அழைப்பு, தலா 12 நிமிடம், மொத்தம் 120 நிமிடம் என்று உயர்த்தப்பட்டது. வீடியோ காலுக்கும் அனுமதி வந்தது. கைக்குழந்தையின் முகத்தை ஒரு அப்பா சிறையிலிருந்தே பார்க்க முடிவது சின்ன விஷயம் இல்லை.

ஆனால், இதில் ஒன்றைக் கவனியுங்கள். அழைப்பு உள்ளேயிருந்துதான் வரும். நீங்கள் அழைக்க முடியாது. அந்த 12 நிமிடம் வரும்போது நீங்கள் பைக்கில் போய்க்கொண்டிருந்தால், மீட்டிங்கில் இருந்தால், சார்ஜ் இல்லாமல் போன் ஆஃப் ஆகியிருந்தால், போச்சு. திருப்பிக் கூப்பிட நம்பர் இல்லை. அந்த 120 நிமிடத்தை அம்மா, மனைவி, வக்கீல் எல்லோருக்கும் பங்கு போட வேண்டும். நண்பனின் முறை எப்போது வரும்?

கடிதத்துக்கு இந்தப் பிரச்னை எதுவும் இல்லை. இன்லேண்ட் லெட்டர் இரண்டரை ரூபாய். லீவு போட வேண்டாம். யார் நேரத்தையும் பங்கு போட வேண்டாம். எழுதியவர் தூங்கிய பிறகும் படிக்கலாம். போன் பேச்சு 12 நிமிடத்தில் கரைந்துவிடும். கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு நூறு முறை படிக்கலாம். சிறையில் ஒருவருக்குச் சொந்தம் என்று இருக்கும் பொருள்கள் ரொம்பக் கொஞ்சம். அதில் ஒன்று கடிதம்.

இதைச் சென்டிமென்ட் என்று ஒதுக்க வேண்டாம். அமெரிக்காவின் மினசோட்டா மாகாணச் சிறைத்துறை, விடுதலையான 16,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வை 2011-ல் வெளியிட்டது. சிறையில் இருந்தபோது யாராவது வந்து பார்த்திருந்தால், அவர்கள் மீண்டும் பெரிய குற்றத்தில் தண்டனை பெறும் வாய்ப்பு 13 சதவிகிதம் குறைவு என்றது அந்த ஆய்வு. அது நேர் சந்திப்பு பற்றியது, கடிதம் பற்றியது அல்ல. ஆனால், அடிப்படை ஒன்றுதான். வெளியே தனக்காக ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தவர், வெளியே வந்ததும் போக ஒரு வீடு இருக்கிறது என்று தெரிந்தவர்.

கேட் வரை தெரியும்... அதுக்கப்புறம்?

இப்போது உங்கள் கடிதத்தைப் பின்தொடர்வோம்.

பள்ளிக்கரணை அஞ்சல் நிலையத்தில் போடுகிறீர்கள். ‘சாதாரணத் தபால் போய்ச் சேருமோ சேராதோ’ என்று பயந்தால் ஸ்பீடு போஸ்ட். பதிவுத் தபால் என்று தனியாக இருந்த சேவை 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. அதே வருடம் அக்டோபர் 1 முதல் வந்த புதிய கட்டணப்படி, உள்ளூருக்கு 50 கிராம் வரை 19 ரூபாய், ஜி.எஸ்.டி தனி. மொபைலில் டிராக் செய்யலாம். ரெண்டு நாளில் திரையில் ‘டெலிவர்டு’ என்று வந்துவிடும்.

அங்கேதான் விஷயம். ‘டெலிவர்டு’ என்றால் சிறை அலுவலகத்தில் யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள் என்று மட்டும்தான் அர்த்தம். உங்கள் நண்பன் கைக்குப் போனது என்று அர்த்தம் இல்லை.

கேட்டுக்குள் போன கடிதம் பிரிக்கப்படும். ஓர் அதிகாரி படிப்பார். ஆட்சேபம் இல்லை என்றால் உரியவரிடம் போகும். இருந்தால் நிறுத்தப்படும். இந்தத் தணிக்கைக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நம் சிறை நிர்வாகத்தின் அடித்தளமே 1894-ம் ஆண்டின் சிறைச் சட்டம். தமிழ்நாட்டில் அதை நடைமுறைப்படுத்த 1983-ல் வந்த சிறை விதிகள் இருக்கின்றன. மத்திய உள்துறை 2016-ல் தயாரித்த மாதிரி சிறைக் கையேடு, உள்ளே வரும் கடிதங்களுக்கு எண்ணிக்கை வரம்பு வைக்கவில்லை. ஆனால், அது மாநிலங்களுக்கான முன்மாதிரிதான், கட்டாயம் அல்ல.

ஆக, எழுத உரிமை உண்டு. படித்துப் பார்க்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. இந்த ரெண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. கடிதம் போய்ச் சேர்ந்ததா, தாமதமாகிறதா, நிறுத்தப்பட்டதா, ஏன் நிறுத்தப்பட்டது? எந்த ஆப்பும் காட்டாது. அவன் பதில் போடவில்லை என்றால், ‘கோபமா இருக்கான்போல’ என்று நீங்கள் நினைப்பீர்கள். ‘எல்லாரும் மறந்துட்டாங்க’ என்று அவன் நினைப்பான். நடுவில் ஒரு மேஜையில் உங்கள் கடிதம் கிடக்கலாம்.

திரும்பி வந்த மூக்குக் கண்ணாடி

இது வெறும் கற்பனை பயம் இல்லை. பெரிய பெயர்களுக்கே நடந்திருக்கிறது.

2020 நவம்பர் கடைசியில், மும்பை அருகே தலோஜா சிறையில் விசாரணைக் கைதியாக இருந்த பத்திரிகையாளர் கௌதம் நவ்லகாவின் மூக்குக் கண்ணாடி சிறைக்குள் திருடு போனது. கண்ணாடி இல்லாமல் அவருக்குப் பார்வை கிட்டத்தட்ட இல்லை என்கிறது குடும்பம். வீட்டிலிருந்து புதுக் கண்ணாடியைத் தபாலில் அனுப்பினார்கள். சிறை அதை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டது என்று குடும்பம் புகார் சொன்னது. டிசம்பரில் இது பம்பாய் உயர் நீதிமன்றத்தின் காதுக்குப் போனது. மனிதாபிமானம்தான் முக்கியம், சிறை அதிகாரிகளுக்கு இதுபற்றி ஒரு பயிலரங்கு நடத்த வேண்டியிருக்கிறது என்ற பொருளில் நீதிபதிகள் பேசினார்கள்.

2022-ல் அதே நவ்லகா விஷயத்தில் இன்னொன்று. பி.ஜி.வோட்ஹவுஸ் எழுதிய நகைச்சுவைப் புத்தகம் ஒன்றை அவருக்குக் கொடுக்கச் சிறை மறுத்தது, காரணம் ‘பாதுகாப்பு அச்சுறுத்தல்’ என்று அவர் வழக்கறிஞர் சொன்னார். இது நகைப்புக்குரியது என்றது உயர் நீதிமன்றம்.

அதே சிறையில் இருந்தவர்தான் ஸ்டேன் சுவாமி. திருச்சி மாவட்டத்துக்காரர், 83 வயது, பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும், டம்ளரைத் தூக்கிக் குடிக்க முடியாது. ஸ்ட்ராவும் சிப்பரும் வேண்டும் என்று 2020 நவம்பர் 6-ல் கோர்ட்டில் கேட்டார். பதில் சொல்ல என்.ஐ.ஏ 20 நாள் அவகாசம் கேட்டது. கோபமடைந்த இளைஞர்கள் பலர் ஆன்லைனில் சிப்பர் ஆர்டர் செய்து அனுப்பத் தொடங்கினார்கள். நமக்கு ஒரு க்ளிக்கில் வாசலுக்கு வரும் பொருள், ஒரு கேட்டைத் தாண்ட இத்தனை பாடு. 2021 ஜூலை 5-ல் ஜாமீன் கிடைக்காமலேயே அவர் இறந்தார்.

இவர்கள் வழக்கைப் பற்றி உங்களுக்கு என்ன கருத்து வேண்டுமானாலும் இருக்கலாம். கேள்வி அதுவல்ல. வக்கீல்கள், செய்தி சேனல்கள், ட்விட்டர் டிரெண்டிங் எல்லாம் இருந்தவர்களுக்கே ஒரு கண்ணாடிக்கு உயர் நீதிமன்றம் பேச வேண்டியிருந்தது. பள்ளிக்கரணையில் ஒற்றை ரூமில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பம் அனுப்பும் கடிதம் திரும்பி வந்தால் யார் பேசுவார்கள்?

நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன?

நல்ல செய்தி, சட்டம் இந்த விஷயத்தில் ஊமையாக இல்லை.

1965. பிரபாகர் பாண்டுரங் சங்ஸ்கிரி என்பவர் மகாராஷ்டிராவில் தடுப்புக் காவலில் இருந்தார். அணுவைப் பற்றி மராத்தியில் ஓர் அறிவியல் புத்தகம் எழுதினார். அதை மனைவிக்கு அனுப்பி அச்சிட அனுமதி கேட்டார். அரசு மறுத்தது. காவல் விதிகளில் தடை இல்லாத ஒன்றைத் தடுப்பது அவர் உரிமையைப் பறிப்பது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

1979. திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, இன்னொரு கைதி சித்ரவதை செய்யப்பட்டதைப் பற்றி உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். மனு கிடையாது, வக்கீல் கிடையாது, வெறும் கடிதம். அதையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டது நீதிமன்றம். நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதிய அந்தத் தீர்ப்பு, சிறைகளில் புகார்ப் பெட்டி வைக்கச் சொன்னது. ஒரு கடிதம் உள்ளேயே நிறுத்தப்பட்டிருந்தால் அந்தத் தீர்ப்பே இல்லை.

1981. பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கு. தடுப்புக் காவலில் இருப்பவர் குடும்பத்தினரையும் வழக்கறிஞரையும் சந்திப்பது, அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது உச்ச நீதிமன்றம். சலுகை இல்லை, உரிமை.

1994. இது நம்ம ஏரியா கதை. ஆட்டோ சங்கர் 1991-ல் செங்கல்பட்டு கிளைச் சிறையில் இருந்தபோது தன் வாழ்க்கைக் கதையை எழுதி மனைவியிடம் கொடுத்தார் என்று சொல்லி ‘நக்கீரன்’ அதை வெளியிட முனைந்தது. சில அதிகாரிகளுக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு அதில் வரும் என்று பேச்சு. சிறைத்துறைத் தலைவரிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. வெளியிடுவதற்கு முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ சட்டத்தில் அதிகாரம் இல்லை, அவதூறு என்றால் வந்த பிறகு வழக்குப் போடலாம் என்று அக்டோபர் 7-ல் தீர்ப்பு வந்தது. அடுத்த ஏப்ரலில் சேலம் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவர் செய்த கொலைகளை யாரும் மறக்க வேண்டாம். ஆனால், இந்தியாவின் பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய முக்கியமான தீர்ப்பு ஒன்று, ஒரு சிறையிலிருந்து வெளியே வந்த கையெழுத்துத் தாள்களிலிருந்துதான் கிடைத்தது.

உலக அளவிலும் விதி இருக்கிறது. 2015-ல் ஐ.நா ஏற்றுக்கொண்ட ‘நெல்சன் மண்டேலா விதிகள்’, குடும்பத்தோடும் நண்பர்களோடும் கடிதம் மூலமும் பிற வழிகளிலும் முறையான இடைவெளியில் தொடர்புகொள்ள கைதியை அனுமதிக்க வேண்டும் என்கிறது. கவனியுங்கள், ‘நண்பர்களோடும்’. அந்தப் பெயர் சும்மா வைக்கப்படவில்லை. ராபன் தீவுச் சிறையின் ஆரம்ப காலத்தில் மண்டேலாவுக்கு அனுமதிக்கப்பட்டது ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், அதுவும் 500 வார்த்தைக்குள்.

அதிகாரிகள் பக்கமும் நியாயம் உண்டு

‘எல்லாத்தையும் படிக்காம அப்படியே கொடுத்துட வேண்டியதுதானே’ என்று சொல்லிவிட முடியாது. சாட்சியை மிரட்டச் சொல்லிக் கடிதம் போகலாம். ‘அவனை விடாதே’ என்று உள்ளேயிருந்து உத்தரவு வரலாம். பாதிக்கப்பட்ட பெண்ணின் வீட்டுக்கே சிறையிலிருந்து மிரட்டல் கடிதம் போனால்? அவரைக் காப்பாற்றுவதும் அரசின் வேலைதான். கஞ்சா, செல்போன், சிம் கார்டு எல்லாம் சிறைக்குள் பிடிபடும் செய்திகளை நீங்களும் படிக்கிறீர்கள். சோதனை தேவைதான்.

வெளிநாடுகளில் பிரச்னை இன்னும் ஒரு படி மேலே. காகிதத்தையே போதைத் திரவத்தில் நனைத்துக் காயவைத்து அனுப்புகிறார்கள். இதைக் காரணம் காட்டி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணம் 2018-ல் ஒரு வேலை செய்தது. கைதிகளுக்கு வரும் கடிதங்களை நேராகச் சிறைக்கு அனுப்பக் கூடாது. ஃபுளோரிடாவில் உள்ள ஒரு தனியார் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் ஸ்கேன் செய்வார்கள். கைதிக்குக் கிடைப்பது நகல். குழந்தை க்ரேயானில் வரைந்த யானை, ஸ்கேன் காப்பியாக வரும். மனைவி கையால் தொட்ட காகிதம் வராது. பிறகு வேறு பல சிறைகளும் இதைப் பின்பற்றின.

நாளை நம் ஊரிலும் ‘எல்லாம் டிஜிட்டல்’ என்று ஒரு திட்டம் வரலாம். அப்போது கைதட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: அசல் கடிதம் என்ன ஆகும்? ஸ்கேன் செய்த கடிதங்கள் எத்தனை வருடம், யாருடைய சர்வரில் இருக்கும்? அதை போலீஸ் எடுத்துப் பார்க்க என்ன விதி? ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டி எப்படி எழுதுவார்?

பெரிய செலவே இல்லாத மூன்று விஷயங்கள்

பாதுகாப்பையும் விட வேண்டாம், உரிமையையும் விட வேண்டாம். இதற்குக் கோடிகளில் சாஃப்ட்வேர் தேவையில்லை.

ஒன்று, ரசீது. கடிதம் வந்ததும் பதிவேட்டில் ஏற்றி, கைதியிடம் கொடுத்த தேதியையும் குறித்து, கையெழுத்து வாங்க வேண்டும். அனுப்பியவர் கேட்டால் அந்தத் தேதியைச் சொல்ல வேண்டும். ஒரு குறுஞ்செய்தி போதும். கேஸ் சிலிண்டருக்கு மெசேஜ் வரும் ஊரில் இது முடியாதா என்ன?

ரெண்டு, காரணம். கடிதத்தையோ புத்தகத்தையோ நிறுத்தினால், ஏன் என்று எழுத்தில் ஒரு வரி. கைதிக்கும் அனுப்பியவருக்கும். எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாலே தேவையில்லாத மறுப்புகள் பாதி குறையும். ‘பாதுகாப்பு அச்சுறுத்தல்’ என்று ஒரு நகைச்சுவைப் புத்தகத்தின் மேல் எழுதிக் கையெழுத்துப் போட யாருக்கும் தயக்கம் வரும்.

மூணு, விதிகள். எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது, எத்தனை போட்டோ, எந்த மாதிரிப் புத்தகம் என்பதை எளிய தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, சிறைத்துறை இணையதளத்திலும் ஒவ்வொரு சிறை வாசலிலும் ஒட்ட வேண்டும். இப்போது நிலைமை, அன்றைக்கு கேட்டில் இருப்பவர் சொல்வதுதான் விதி என்று ஆகிவிடுகிறது.

நம் சிறைத்துறைக்கு மனசு இல்லை என்று சொல்ல முடியாது. 2023 சென்னைப் புத்தகக் கண்காட்சியில் ‘கூண்டுக்குள் வானம்’ என்ற பெயரில் அவர்களே அரங்கு வைத்து, கைதிகளுக்காக மக்களிடம் புத்தகம் வாங்கினார்கள். வரிசையில் நின்று கொடுத்தார்கள் நம் மக்கள். அத்தனை புத்தகங்களை உள்ளே கொண்டுபோக முடிந்தவர்களால், ஒரு கடிதத்துக்கு ரசீது கொடுக்க முடியும்.

நீங்கள் எழுதும்போது...

கடைசியாக, உங்களுக்குப் பயன்படும் சில விஷயங்கள்.

வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதீர்கள். ‘அன்னைக்கு நடந்தது’, ‘அவனைப் பார்த்தேன்’, ‘சாட்சிகிட்ட பேசினேன்’ எதுவும் வேண்டாம். உங்கள் கடிதத்தை மூன்றாவது மனிதர் படிப்பார், அது நாளை வழக்கிலும் வரலாம். வழக்கு விஷயம் வக்கீல் மூலம் மட்டும். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

குறியீடு, பட்டப்பெயர், உங்களுக்குள் மட்டும் புரியும் ஜோக் வேண்டாம். உங்களுக்கு அது காமெடி, படிக்கும் அதிகாரிக்கு அது ‘கோட் வேர்டு’. உறைக்குள் பணம், ஸ்டிக்கர், பின், க்ளிப் எதுவும் வைக்காதீர்கள். புத்தகம், போட்டோ அனுப்பும் முன் சிறையின் நல அலுவலரிடம் கேட்டுவிடுவது நல்லது. முக்கியமாக, ‘உள்ள நமக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட கொடுத்துடலாம்’ என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். விதிக்கு மாறாகக் கைதியோடு தொடர்புகொள்வது சிறைச் சட்டத்தின் 42-வது பிரிவின் கீழ் குற்றம், ஆறு மாதம் வரை தண்டனை உண்டு. ஸ்டாம்ப் ஒட்டிய கடிதம்தான் பத்திரமான வழி.

அப்படியானால் என்னதான் எழுதுவது? சாதாரணமானதை எழுதுங்கள். மழைக்கு வேளச்சேரி ரோட்டில் எவ்வளவு தண்ணி நின்றது, சதுப்பு நிலத்துக்கு இந்த முறை ஃபிளமிங்கோ வந்ததா, தெருமுனை டீக்கடை அண்ணன் விசாரித்தது, சி.எஸ்.கே தோத்தது. உள்ளே இருப்பவருக்கு அறிவுரையும் ஆறுதலும் நிறைய பேர் சொல்வார்கள். அன்றாடத்தைச் சொல்லத்தான் ஆள் இருக்காது. கூடவே தேதி போடுங்கள், கடிதத்துக்கு ஒன்று, இரண்டு என்று எண் போடுங்கள். மூணாவது வந்து ரெண்டாவது வரவில்லை என்றால் அவருக்கே தெரிந்துவிடும், கேட்கவும் முடியும். ரசீது தர ஆள் வரும்வரை நம்மிடம் இருக்கும் டிராக்கிங் இதுதான்.

பதில் வரவில்லை என்றால் கோபப்படாமல் இன்னொன்று போடுங்கள். தபால் ஆபீஸ் பக்கம் போகும்போது ரெண்டு இன்லேண்ட் லெட்டராக வாங்குங்கள். ஒன்று உங்களுக்கு. இன்னொன்று, எழுதப் படிக்கத் தெரியாத அவர் அம்மா சொல்லச் சொல்ல எழுதிக் கொடுக்க.